ஊர்வலத்தில் ரஷ்மோர் மலை, ஊரில் செத்த மாடுகள்: 2013 கதை யாருக்காவது நினைவிருக்கிறதா?

சமவெளிக்காரன் (புரூக்கிங்ஸ், தெற்கு டகோட்டா) | 28 நவம்பர் 2024, மாலை 4:12

இன்று இங்கே நன்றி நவிலல் நாள். காலையில் தொலைக்காட்சியில், நியூயார்க்கில் மேசீஸ் என்கிற பெரிய கடை வருஷாவருஷம் இந்த நாளில் நடத்தும் ஊர்வலம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் காபிக்கு வந்திருந்தார். ராபிட் சிட்டிக்குக் கிழக்கே நாற்பது வருஷம் மாடு வைத்திருந்தவர், இப்போது மகன் வீட்டோடு இருக்கிறார். அலங்கார ஊர்தி ஒன்று திரையில் போனதும், "நம்ம மலையும் ஒரு காலத்துல இதுல போச்சு" என்றார். அதோடு சரி. குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது, எழுதிவிடுகிறேன்.

2010இல் எங்கள் மாநில சுற்றுலாத் துறை மேசீஸ் ஊர்வலத்தில் ஒரு ஊர்தி விட்டது. பாறையில் செதுக்கிய நான்கு அமெரிக்க அதிபர் தலைகளோடு எங்கள் ரஷ்மோர் மலை, அதன் பொம்மை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் போனது. இந்த மாதிரி ஊர்திகளில் ஒரு பாடகரோ இசைக்குழுவோ நின்றுகொண்டு வருவது வழக்கம். 2013இல் எங்கள் ஊர்திக்கு வந்த பெயர் ராக் பாடகி ஜோன் ஜெட். அவர் சைவம். சைவம் என்பதோடு நின்றிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். பீட்டா அமைப்பின் வெளிப்படையான ஆதரவாளர், இறைச்சித் தொழிலைக் கண்டித்துப் பேசுபவர். மாநிலத்தின் மாட்டுப் பண்ணையாளர் சங்கம் கேள்வி எழுப்பியது. மாட்டை நம்பிப் பிழைக்கும் மாநிலத்தின் முகமாக இவரையா நிறுத்துவது என்றார்கள். விவகாரம் பெரிதானது. கடைசியில் அவர் வேறு ஊர்திக்கு மாறிக்கொண்டார். அரசியல் நடுவில் வருகிறது, எனக்கு வேலை மக்களை மகிழ்விப்பது என்ற பொருளில் ஓர் அறிக்கை விட்டார்.

நியூயார்க் பக்கம் இது ஒரு வாரத்துக்கு நல்ல சிரிப்புச் செய்தி. கவ்பாய் தொப்பிக்காரர்கள் ஒரு கிடார்க்காரியைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று.

சிரித்தவர்கள் பார்க்காதது ஒன்று உண்டு. அந்த ஊர்வலம் நடந்தது 2013 நவம்பர் 28. அதற்கு எட்டு வாரம்கூட முன்னால் இல்லை, அக்டோபர் முதல் வாரக் கடைசியில், மாநிலத்தின் மேற்குப் பகுதியை அட்லஸ் என்று பெயர் வைத்த பனிப்புயல் அடித்தது. முதலில் மழை. மாடுகள் தோல்வரை நனைந்தன. குளிர்கால ரோமம் இன்னும் வளராத நேரம். கோடை மேய்ச்சல் நிலத்தில் ஒதுங்க இடமில்லாமல் நின்றவை. மழைக்குப் பின்னால் மணிக்கு 110 கிலோமீட்டர் அளவுக்குக் காற்று, அதோடு பனி. ராபிட் சிட்டியிலேயே சுமார் 2 அடி விழுந்தது. மாடு காற்றுக்கு முதுகைக் காட்டி நடக்கும். நடந்து நடந்து வேலியில் முட்டி நின்றவை அங்கேயே, ஓடைப் பள்ளத்தில் இறங்கியவை அங்கேயே. பல்லாயிரம் மாடுகள் செத்தன.

அப்போது நான் மாணவன். பத்து நாள் கழித்து நண்பன் ஒருவனோடு மேற்கே போனேன். ஐ-90 நெடுஞ்சாலையில் வால் என்கிற சின்ன ஊரைத் தாண்டியதும் வேலியோரம் கறுப்புக் கறுப்பாக மேடுகள். பனி உருகிவிட்டிருந்தது, அதனால் மறைக்க ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். ஒருவர் சட்டைப்பை நோட்டும் பென்சிலுமாக ஒவ்வொரு மாடாகக் குனிந்து, காதுத் தோட்டைத் துணியால் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார். கூடவே கைப்பேசியில் படம். எதற்கு என்று கேட்டேன். "என்றைக்காவது பணம் தருகிறோம் என்று சொன்னால் காட்ட வேண்டுமே" என்றார். அந்த வாரம் அமெரிக்க அரசே மூடிக்கிடந்தது. அக்டோபர் 1 முதல் 16 நாள் முடக்கம். வேளாண் சட்டம் காலாவதி, கால்நடை இழப்பீட்டுத் திட்டத்துக்கு உயிரில்லை. போன் செய்தால் எடுக்க ஆள் இல்லை.

அந்த மனிதரின் ஊர் ஊர்தியில் மாடு வளர்ப்பதே தப்பு என்கிறவர் நின்றுகொண்டு வருவார் என்றால்? எனக்கு இது இறைச்சிச் சண்டையாகத் தெரியவில்லை. எழவு வீட்டு வாசலில் பாட்டுக் கச்சேரி வைக்காதே என்றுதான் அவர்கள் சொன்னதாகப் படுகிறது.

---

எடிசன் மணி | 28 நவம்பர், மாலை 5:03

அண்ணே, நீங்க டிவில பாத்தீங்க, நான் நேர்ல நனைஞ்சுட்டு வந்தேன் 😅 இந்த வருஷம் எட்டரைக்கே ஆரம்பிச்சுட்டாங்க, விடாத மழை. நூறு வருஷ நிறைவுன்னு பசங்கள இழுத்துட்டுப் போனது என் தப்பு. சின்னவன் போன்ச்சோவுக்குள்ள சுருண்டு "அப்பா, பலூனுக்குக் குளிராதா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான்.

மலையை ஊர்தியில வச்சாங்கன்னு சொன்னீங்களே, அதுல ஒரு வேடிக்கை. இந்த ஊர்தியெல்லாம் செய்யுற பட்டறை எங்க நியூ ஜெர்சி பக்கம். ராத்திரியோட ராத்திரியா லிங்கன் சுரங்கப்பாதை வழியா மன்ஹாட்டனுக்குள்ள போகணும். அதனால எவ்வளவு பெரிய ஊர்தியா இருந்தாலும் பன்னிரண்டரை அடி உயரம், எட்டடி அகலத்துக்கு மடங்கணும். அப்போ வாஷிங்டன், லிங்கன் எல்லாரும் மடிஞ்சுதான் போயிருப்பாங்க. லிங்கன் மடிஞ்சு படுத்து லிங்கன் சுரங்கத்துக்குள்ள போற காட்சிய நெனச்சா சிரிப்பு வருது.

ஆனா மாடு விஷயம் படிச்சதும் சிரிப்பு நின்னு போச்சு. இது எனக்குத் தெரியவே தெரியாது.

---

கணக்கப்பிள்ளை (சூ ஃபால்ஸ்) | 28 நவம்பர், இரவு 7:41

சமவெளி, நல்ல பதிவு. மனசைத் தொட்டது. ஆனால் கணக்கு என்று வரும்போது நான் கொஞ்சம் முரண்படுகிறேன்.

ஊர்திக்குப் பணம் கட்டியது சுற்றுலாத் துறை. மாட்டுப் பண்ணையாளர் அல்ல. வேளாண்மை இம்மாநிலத்தின் முதல் தொழில், சுற்றுலா அதற்கடுத்த வரிசையில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மனிதர் ஒன்பது லட்சத்துக்கும் கொஞ்சம் மேல், மாடு நாலுக்கு ஒன்று கணக்கில் நம்மை மிஞ்சும். ஆனால் முதல் தொழில் என்பதால் இரண்டாம் தொழிலின் விளம்பரத்திலும் அவர்களுக்கு வீட்டோ உண்டா? நாளைக்குச் சோளக்காரர் வந்து, சோளத்தில் எடுக்கும் எத்தனால் எரிபொருளுக்கு எதிராகப் பேசிய நடிகர் வேண்டாம் என்பார். சோயா விவசாயி சீனாவோடு சுங்க வரிச் சண்டை போட வேண்டும் என்கிற பாடகர் வேண்டாம் என்பார். ஊர்தியில் கடைசியில் யார்தான் ஏறுவது?

இன்னொன்று. இங்கே தனிநபர் வருமான வரி கிடையாது. மாநிலம் பிழைப்பது விற்பனை வரியில். அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மினசோட்டாவிலிருந்தும் இல்லினாயிலிருந்தும் வேனில் குடும்பத்தோடு வருகிறவர் ஓட்டல் அறைக்கும் பர்கருக்கும் கொடுக்கும் பணத்தில் பள்ளிக்கூடம் நடக்கிறது. ஸ்டர்ஜிஸ் பைக் திருவிழாவில் ஆகஸ்ட்டில் வந்து இறங்கும் தாடிக்காரர்கள் எல்லாரும் ராக் கேட்பவர்கள்தான். ஜோன் ஜெட் அவர்களுக்குப் பொருத்தமான விளம்பரம். சுற்றுலாத் துறை தன் வாடிக்கையாளரை அறிந்துதான் நடந்தது.

(நான் ஒரு கடன் அட்டை நிறுவனத்தில் குப்பை கொட்டுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழில் இங்கே வந்த கதையே நியூயார்க் கதைதான். 1980இல் இந்த மாநிலம் வட்டிக்கு உச்சவரம்பை எடுத்தது. நியூயார்க்கில் வட்டிக்கட்டுப்பாட்டில் மூச்சு முட்டிய சிட்டிபேங்க் 1981இல் அட்டைப் பிரிவைத் தூக்கிக்கொண்டு சூ ஃபால்ஸ் வந்தது. மாட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டா வந்தார்கள்?)

---

கருப்பட்டி | 28 நவம்பர், இரவு 8:15

பீட்டான்னு சொன்னதும் எனக்கு 2017 மெரினாதான் கண்ணுல வருது. 2014ல உச்ச நீதிமன்றம் தடை போட்டப்போ நீதிமன்றப் படி ஏறுனவங்கள்ல அவங்களும் உண்டு. ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு மாட்டை நாங்க எப்படி வளக்கணும்னு சொல்ற கும்பல். டகோட்டாக்காரன் செஞ்சது சரி. சங்கம்னா அப்படித்தான் இருக்கணும். வாடிவாசலத் திறங்க!!

---

மலர்விழி_கோவை | 28 நவம்பர், இரவு 8:52

கருப்பட்டி அண்ணா, ஜல்லிக்கட்டுக் காளையை யாரும் கொன்று தின்பதற்காக வளர்ப்பதில்லை. அங்கே வளர்ப்பதே இறைச்சிக்கு. ரெண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதீங்க.

என் கேள்வி வேறு. அந்தப் பாடகி ஊர்தியில் நின்று "மாட்டுக்கறி சாப்பிடாதீர்கள்" என்று பாடப் போவதாகச் சொன்னாரா? இல்லையே. வேலைக்கு வந்தவர் தன் தட்டில் என்ன வைத்துக்கொள்கிறார் என்று பார்த்து வேலை கொடுப்பது என்றால், நம் ஊரில் வாடகை வீட்டுக்கு "சைவம் மட்டும்" என்று பலகை மாட்டுகிறவர்களைத் திட்ட நமக்கு என்ன தகுதி? அங்கே திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதே ஊர்வலத்தில் அதே வருஷம் சீவேர்ல்டு ஊர்தி வருவதற்குப் பீட்டாக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த ஊர்தி ஓடத்தான் செய்தது. மேசீஸ் அப்போது அசையவில்லை. இப்படி இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே வருஷம் அடி.

---

நடத்துநர் | 28 நவம்பர், இரவு 9:10

ஜல்லிக்கட்டுக்குத் தனி இழை ஏற்கெனவே 61 பக்கம் ஓடுகிறது. அங்கே போய்த் தொடருங்கள். இங்கே டகோட்டா, ஊர்வலம், வயல்.

---

சமவெளிக்காரன் | 28 நவம்பர், இரவு 10:37

மலர்விழி சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். அவர் பாடியிருந்தால் வானம் இடிந்திருக்காது. பாடகியைக் குற்றம் சொல்லவும் மாட்டேன். வம்பில்லாமல் ஒதுங்கிப் போய், வேறு ஊர்தியில் ஏறிப் பாடிவிட்டுப் போனார். பண்ணைக்காரர்களைவிடக் கண்ணியமாக நடந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் கணக்கப்பிள்ளை வீட்டோ என்கிறார். அது எந்த நேரத்தில் கேட்கப்பட்டது என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? மாட்டு வருமானம் மாதச் சம்பளம் மாதிரி வராது. மேற்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் தாய்ப்பசு வைத்துக் கன்று விற்பவர்கள். வசந்தத்தில் கன்று பிறக்கும். கோடை முழுக்கப் புல். அக்டோபர், நவம்பரில் ஏலக்கொட்டகைக்கு ஓட்டிப்போய் விற்பார்கள். வருஷத்துக்கு ஒரே ஒரு காசோலை. அதை வைத்துத்தான் வங்கிக் கடன், டீசல், வைக்கோல், பிள்ளைக்குக் கல்லூரி. புயல் வந்தது காசோலை கைக்கு வர இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது. இந்த வருஷக் கன்றும் போச்சு, வயிற்றில் இருந்த அடுத்த வருஷக் கன்றும் போச்சு, தாயும் போச்சு. முப்பது வருஷம் தேர்ந்தெடுத்து வளர்த்த வம்சம். பணம் கொடுத்து அந்த மந்தையை வாங்க முடியாது.

பக்கத்து மாநிலங்களிலிருந்து, குறிப்பாக மோன்டானாவிலிருந்து, முன்பின் தெரியாத பண்ணைக்காரர்கள் சினைக் கிடாரிகளை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள், இலவசமாக. என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் ஒன்று வந்தது. "எண் பதினேழு" என்றுதான் இப்போதும் சொல்வார். காதுத் தோட்டில் இருந்த எண். அது சாகும்வரை விற்கவில்லையாம்.

இழப்பீடு 2014 பிப்ரவரியில் புது வேளாண் சட்டம் வந்த பிறகுதான் கிடைத்தது, பின்தேதியிட்டு, சந்தை விலையில் முக்கால் பங்கு. ஊர்வலத்தன்று யாருக்கும் அது தெரியாது.

---

தாரகை (மினியாபொலிஸ்) | 29 நவம்பர், காலை 8:20

எல்லாரும் மாட்டைப் பேசுகிறீர்கள், பாடகியைப் பேசுகிறீர்கள். ஊர்தியில் இருந்த அந்த மலையைப் பற்றி யாருமே பேசவில்லை.

1868 ஃபோர்ட் லாரமி உடன்படிக்கைப்படி, ரஷ்மோர் இருக்கும் பிளாக் ஹில்ஸ் மலைத்தொடர் முழுக்க லகோட்டா பழங்குடி மக்களுடையது. தங்கம் கிடைத்ததும் 1877இல் பிடுங்கிக்கொண்டார்கள். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே பிடுங்கியது தப்பு என்று சொல்லி 10 கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. லகோட்டாக்கள் இன்றுவரை வாங்கவில்லை. வட்டியோடு அது 100 கோடி டாலரைத் தாண்டி அப்படியே கிடக்கிறது. நாட்டிலேயே ஏழ்மையான மாவட்டங்களில் சில அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலத்தில்தான் இருக்கின்றன. அந்த வறுமையிலும் வேண்டாம் என்கிறார்கள். மலை விற்பனைக்கு இல்லை என்பது அவர்கள் நிலை.

அந்த மலையில் முகம் செதுக்கி, அதன் பொம்மையைச் செய்து, மடித்து, சுரங்கத்துக்குள் கொண்டுபோய், மன்ஹாட்டனில் ஓட்டுகிறார்கள். அப்போது "எங்கள் மாநிலத்தின் முகமாக யாரை நிறுத்துவது" என்று மாட்டுக்காரர் கேட்கிறார். நல்ல கேள்வி. லகோட்டாக்கள் அதே கேள்வியை நூறு வருஷமாகக் கேட்கிறார்கள்.

மாடு மேயும் புல்வெளியில் அதற்கு முன்னால் எது மேய்ந்தது என்றும் கேளுங்கள். காட்டெருமையைக் கொன்று குவித்துவிட்டுத்தான் மாடு வந்தது.

---

கணக்கப்பிள்ளை | 29 நவம்பர், காலை 9:48

தாரகை, இதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. சரிதான்.

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன், உங்கள் பேச்சுக்கு எதிராக அல்ல. அந்த மலைச் சிற்பமே வயல்காட்டுக் கஷ்டத்தில் பிறந்த சுற்றுலா யோசனை. முதல் உலகப் போர் முடிந்ததும் தானிய விலை சரிந்தது. 1920களில் இங்கே ஊருக்கு ஊர் வங்கி திவாலானது. டோன் ராபின்சன் என்கிற மாநில வரலாற்று அலுவலர், பெரிய சிற்பம் ஒன்று செதுக்கினால் கார் வைத்திருப்பவர்கள் பார்க்க வருவார்கள் என்று கணக்குப் போட்டார். சிற்பி கட்சன் போர்க்ளமுக்குக் கடிதம் எழுதியது 1924 ஆகஸ்ட்.

மேசீஸ் ஊர்வலம் முதன்முதலில் நடந்தது எப்போது? அதே 1924, நவம்பர். கடைக்குக் கூட்டம் சேர்க்க ஒரு கடைக்காரர் போட்ட விளம்பரம். மத்திய பூங்கா விலங்குக் காட்சியகத்திலிருந்து யானை, ஒட்டகம் எல்லாம் அழைத்துவந்தார்கள், கடை ஊழியர்களே வேஷம் கட்டி நடந்தார்கள். 1927இல் மிருகங்களை எடுத்துவிட்டு ராட்சத பலூன் வைத்தார்கள். ரஷ்மோர் மலையில் துளை போட ஆரம்பித்ததும் 1927தான்.

ஆக, இரண்டும் ஒரே காலத்து விளம்பரப் பலகைகள். ஒன்று துணியிலும் ரப்பரிலும், இன்னொன்று கருங்கல்லில். 2010இல் ஒரு பலகையின் மேல் இன்னொன்றை ஏற்றினார்கள்.

---

இணுவிலான் (ரொறன்ரோ) | 29 நவம்பர், காலை 11:30

கடைக்கார ஊர்வலம் எண்டால் நாங்கள் உங்களுக்கு மூத்தவையள். இஞ்ச சாண்டா குளோஸ் ஊர்வலம் 1905இல ஈட்டன்ஸ் கடை துவங்கினது. பிலடெல்பியாவில கிம்பெல்ஸ் கடை 1920இல. மேசீஸ் நாலு வருசம் பிந்தி.

சோகம் என்னெண்டால், ஊர்வலம் இருக்குது, கடையளைக் காணேல்லை. ஈட்டன்ஸ் 1982இல ஊர்வலத்தைக் கைவிட்டிட்டுது, 1999இல கடையே இல்லை. கிம்பெல்ஸ் 1987இல போட்டுது. மேசீசும் இந்த வருசம் 150 கடை மட்டில மூடப்போறன் எண்டு சொல்லிப்போட்டுது. கடைக்கு விளம்பரமாப் பிறந்த பிள்ளை தாயை மிஞ்சி நிக்குது.

கணக்கப்பிள்ளை, உங்கட மாநிலத்துக்கும் இதில பங்கு இருக்குதெல்லோ? இணையக்கடைக்கு வரி போட்ட வழக்கு உங்கட தானே?

---

கணக்கப்பிள்ளை | 29 நவம்பர், மதியம் 12:14

பிடித்துவிட்டீர்கள் 😀 ஆமாம், எங்களுடையதுதான். விற்பனை வரியை மட்டுமே நம்பிய மாநிலம் என்றேனே, எல்லாரும் வீட்டிலிருந்தே இணையத்தில் வாங்க ஆரம்பித்ததும் எங்கள் அடிமடியில் கை வைத்த மாதிரி ஆயிற்று. மாநிலத்தில் கடையே இல்லாத நிறுவனத்திடம் வரி கேட்கக் கூடாது என்பது அதுவரை சட்டம். 2016இல் சொந்தமாகச் சட்டம் போட்டு, வேஃபேர் நிறுவனத்தோடு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்று ஜெயித்தார்கள். இன்று அமெரிக்கா முழுக்க இணையத்தில் சட்டை வாங்கும்போது வரி விழுகிறதே, அதற்கு எங்களைத் திட்டலாம்.

விவசாயம் நொடித்தால் டிராக்டர் விற்காது, பிக்கப் விற்காது, விற்பனை வரியும் விழும். வயலுக்கும் கஜானாவுக்கும் இடையில் ஒரே ஒரு கடைத்தெருதான். இந்தக் கோணத்தில் பார்த்தால் சமவெளி சொல்வதில் எனக்குக் கொஞ்சம் இறங்கிவர இடமிருக்கிறது. மாட்டுக்காரர் கையில் காசு இல்லாவிட்டால் என் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் காசு இல்லை. ஆனாலும் வீட்டோ கிடையாது. அதில் மாற்றமில்லை.

---

மலர்விழி_கோவை | 29 நவம்பர், மதியம் 1:05

நேற்று நான் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். காதுத் தோட்டைத் துடைத்து எண் குறித்தவர் ராத்திரி முழுக்க மனதிலேயே நின்றார். நான் சைவம்தான், இறைச்சித் தொழிலைப் பற்றிய என் கருத்தும் மாறவில்லை. ஆனால் விற்கத்தான் வளர்க்கிறார் என்பதால் அவருக்கு அந்த மாட்டின் மேல் பிரியம் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு.

ஒரு சந்தேகம். நன்றி நவிலல் என்றால் வான்கோழிதானே? மாட்டுக்கறிக்காரர்களுக்கு அந்த நாளில் என்ன வந்தது?

---

சமவெளிக்காரன் | 29 நவம்பர், மாலை 3:30

நல்ல கேள்வி, எனக்கே தோன்றவில்லை 🙂

வான்கோழியும் இங்கே உண்டு. கிழக்குப் பாதியில் ஹூரான் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வான்கோழி ஆலை. அதன் பின்னால் இருப்பவர்கள் ஹட்டரைட் என்கிற கிறித்தவக் கூட்டுவாழ்வுக் குடியிருப்புகள். தனிச்சொத்து கிடையாது, ஒரே சமையலறை, இன்றும் வீட்டில் பழைய ஜெர்மன் பேச்சு. பறவை வளர்ப்பது அவர்கள். ஆலையில் வெட்டிப் பொட்டலம் கட்டுகிறவர்களில் நிறையப் பேர் பர்மாவிலிருந்து அகதியாக வந்த கரேன் மக்கள். ஹூரான் கடைத்தெருவில் நம் ஊர் மாதிரியே கறிவேப்பிலை, மீன் கருவாடு, பச்சை மிளகாய் தேடிப்போய் வாங்கலாம். நான் அரிசி மூட்டைக்கு அங்கேதான் போவேன், ஒன்றரை மணி நேரம்.

அதனால் நேற்று மணியின் பசங்கள் மழையில் நனைந்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட பறவை எங்கள் ஊர்க்காரனாகவும் இருக்கலாம்.

மாட்டுக் கன்றும் அப்படித்தான். இங்கே பிறந்து, கொழுக்கவைக்கும் பண்ணைக்குத் தெற்கே போய், அங்கிருந்து ஆலை, அங்கிருந்து மன்ஹாட்டன் உணவகத் தட்டு. தட்டில் விலை எழுபது டாலர். கன்றை வளர்த்தவனுக்கு அந்த எழுபதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நகரத்துக்காரனுக்கும் இவன் பெயர் தெரியாது. வருஷத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம், அந்த நகரமும் தொலைக்காட்சி முன்னால் 2 கோடிக்கு மேற்பட்ட ஜனமும் இந்த மாநிலத்தின் பெயரைப் பார்க்கிற வாய்ப்பு. அந்த ஒரு நாளில் தங்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதில் அவர்களுக்கு ரோஷம் வந்தது.

தாரகை, நீங்கள் எழுதியதற்கு நானும் பதில் எழுதிப் பார்த்தேன், மூன்று தரம் அழித்தேன். அந்தப் பெரியவரிடமே காட்டினேன், மொழிபெயர்த்துச் சொன்னேன். "அந்தப் பெண் சொல்வது சரி" என்றார். அப்புறம், அவர் தாத்தா குடியேறிய ஆண்டைச் சொன்னார், அந்த நிலம் அதற்கு முன் யாருடையது என்று தனக்குத் தெரியும் என்றார். மேலே பேசவில்லை.

---

தாரகை | 29 நவம்பர், மாலை 4:02

அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

---

எடிசன் மணி | 29 நவம்பர், இரவு 9:26

சின்னவனுக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்ல, கேட்டவங்களுக்கு நன்றி. வான்கோழி எங்க வீட்ல யாருக்கும் பிடிக்காது, நாங்க சிக்கன் பிரியாணி. சமவெளி அண்ணே மன்னிக்கணும்.

இந்த இழையப் படிச்சுட்டு வீட்டுக்காரம்மா அடுத்த கோடைக்கு அந்தப் பக்கம் போலாம்னு சொல்றாங்க. ரஷ்மோர் மலைக்கு டிக்கெட் எவ்வளவு? வழியில வேற என்ன பாக்கலாம்?

---

சமவெளிக்காரன் | 29 நவம்பர், இரவு 10:11

டிக்கெட் கிடையாது, வண்டி நிறுத்தத்துக்கு மட்டும் பத்து டாலர். காலை வெயிலில் பாருங்கள், முகத்தில் வெளிச்சம் விழும். பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவை விட்டுவிடாதீர்கள், என் கணக்கில் மலையைவிட அது பத்து மடங்கு. வால் ஊரில் ஒரு மருந்துக்கடை, 1930களில் "இலவச ஐஸ் தண்ணீர்" என்று நெடுஞ்சாலையில் பலகை வைத்தே பணக்காரரானவர்கள். இப்போதும் தண்ணீர் இலவசம்தான்.

முடிந்தால் ஓர் ஏலக்கொட்டகைக்குப் போங்கள். மாட்டு ஏலம்.

---

எடிசன் மணி | 29 நவம்பர், இரவு 10:19

நம்மள உள்ள விடுவாங்களா?

---

சமவெளிக்காரன் | 29 நவம்பர், இரவு 10:24

விடுவார்கள், காசு கேட்க மாட்டார்கள். கூடவே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருக்கும், பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் நன்றாக இருக்கும். ஒன்றே ஒன்று, ஏலம் நடக்கும்போது பசங்களைக் கையைத் தூக்கவோ தலையைச் சொறியவோ விடாதீர்கள். ஏலக்காரர் கண் பொல்லாதது. உங்கள் எடிசன் ஊருக்குப் பதினெட்டுக் கிடாரியோடு போக வேண்டி வரும்.